தார்ப்பாய்

இரவு ஒன்றே முக்கால்.
லேசர் சூடேற இருபது நிமிடம்.
அதுவரை ஃபிளாஸ்க்கில் மீந்த காப்பியும்
மயக்கத்தில் கிடக்கும் எலியின் மூச்சும் துணை.
அதன் வயிற்றுச் சவ்வை நகக்கண் அளவு திறந்து வைத்திருக்கிறேன்.
மன்னித்துக்கொள் என்று எழுத
எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

திரையில் பச்சையாக எழுகிறார்கள்
குடியிருப்பவர்கள்.
பாடப்புத்தகம் பெருவிழுங்கி என்கிறது.
எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது,
ஏதோ சாப்பாட்டு ராமனைச் சொல்வதுபோல.
பாதி நேரம் இவர்கள் எதையும் விழுங்குவதில்லை.
ஆளுக்கொரு தெரு.
விரலை நீட்டி நீட்டி அக்கம்பக்கத்தைத் தடவிப் பார்த்தபடி
இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள்.
எலி பிறக்கும் முன்பே வந்து சேர்ந்தவர்கள் சிலர்.

லேசரைக் குவித்து ஒரு செல்லைக் கொல்கிறேன்.
ஒன்றே ஒன்று.

ரத்தக் குழாயில் போய்க்கொண்டிருக்கும் நியூட்ரோஃபில்களுக்கு,
அவற்றுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றியிருக்கிறேன்,
இந்த வாசனை போதும்.
ஒன்று வந்தால் பத்தை அழைக்கும், பத்து நூறை.
வந்த கூட்டம் காயத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாது,
பக்கத்து வீட்டையும் கரைத்துவிட்டுத்தான் போகும்.

அதற்குள்
பக்கத்துப் பச்சை ஆள் கையை நீட்டுகிறார்.
எட்டு நிமிடம்.
இடப்புறத்து ஆளும்.
கைகள் விரிந்து, மெலிந்து, துணிபோலாகி
செத்த செல்லின்மேல் விழுகின்றன.
மூடியாயிற்று.
சிவப்புகள் கடந்து போகின்றன
இங்கே எதுவும் நடக்காததுபோல.

இதை நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

காவிரிக்குத் தீர்ப்பு வந்த ஒரு செப்டம்பர்.
மத்திகெரேயில் எங்கள் ஸ்கூட்டர் கேட்டுக்கு வெளியே நின்றது.
டி.என். எழுபத்திரண்டு.
நான் மாடியில் டிவியை ஊமையாக்கிவிட்டுச்
சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன்,
கிடைத்தால் மட்டும் என்ன செய்திருப்பேன்.
கீழ்வீட்டு கெம்பராஜு, பி.எம்.டி.சி. கண்டக்டர்,
தண்ணீர் மோட்டார் தகராறில் எங்களோடு ஏழு மாதமாகப் பேச்சில்லை,
ராகி காயப்போடும் நீலத் தார்ப்பாயை உதறிக்கொண்டே வந்தார்.
நம்பர் பிளேட் மறைய இழுத்துவிட்டார்.
அவர் மனைவி ஷைலஜா அதன்மேல்
இரண்டு ஈரப் போர்வைகளைக் காயப்போட்டார்.
தெருமுனையில் பைக்குகள் திரும்பின.
ஒருவன் நிறுத்தி எதையோ கேட்டான்.
என்ன பதில் சொன்னார் தெரியாது.
அவர் கொட்டாவி விட்டது மட்டும் மாடியிலிருந்து தெரிந்தது.

மறுநாள் காலை
மோட்டார் தகராறு அப்படியே இருந்தது.

பெரிய காயமென்றால் இது பலிக்காது.
ஐந்தாறு செல்களைச் சேர்த்துக் கொன்றும் பார்த்திருக்கிறேன்.
கைகள் போதவில்லை. துணி விலகுகிறது.
சிவப்பு வந்து மொய்க்கிறது.
அன்று மைசூர் ரோடு பக்கம் எழுந்த புகை
எங்கள் மொட்டைமாடிக்கே தெரிந்தது.
அங்கேயும் வீடுகளில் தார்ப்பாய் இருந்திருக்கும்.

இன்னொன்று.
குடியிருந்தவர் செத்து இடம் காலியானால்
ரத்தத்திலிருந்து யாரோ ஒருவர் இறங்கி வருகிறார்.
முதலில் உருவம் வேறு, பேச்சு வேறு.
நாளாவட்டத்தில் அவரும் விரல் நீட்டக் கற்றுக்கொள்கிறார்.
எந்தச் சாயம் போட்டாலும் பிரித்தறிவது கஷ்டம்.
முழுசாக மாறினாரா என்று
கருத்தரங்குகளில் இன்னும் சண்டை நடக்கிறது.
எனக்கு இது பதினோராம் வருடம்.
ஸ்கூட்டர் இப்போது கே.ஏ. நாலு.
கனவில் மட்டும் சில்லறையைத் தமிழில் எண்ணுகிறேன்.

மணி மூன்றே கால்.
லேசரை அணைக்கிறேன்.
எலி இனி விழிக்காது, அதற்கு மட்டும்
படிவத்தில் கட்டம் உண்டு.
இந்நேரம் வீட்டுக் குழாயில்
காவிரித் தண்ணீர் வந்திருக்கும்.
மோட்டார் போடுவது இந்த வாரம்
எங்கள் முறையா, அவர்கள் முறையா,
நினைவில்லை.